அப்சலூட் வரிசை: எதை முதலில் வாங்குவது, எந்த வடிவில் வாசிப்பது

2024 அக்டோபரில் அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசி, தன் பழைய நாயகர்களைப் புதிதாக மாற்றி எழுதத் தொடங்கிய அப்சலூட் வரிசையில் இன்று அரை டஜனுக்கும் மேல் தொடர்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. வாங்கவும் தேவையில்லை. ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்பதில்லை. 'டிசி ஆல் இன் ஸ்பெஷல்' என்ற முன்னோட்ட இதழில் டார்க்சைட் என்ற பெருவில்லனின் சக்தி புதியதோர் உலகுக்கு அடித்தளமாகிறது. அந்த ஒரு வரி தெரிந்தால் போதும், அந்த இதழையும் விட்டுவிடலாம்.

வரிசையின் விதி எளியது. ஒவ்வொரு நாயகரையும் இதுவரை தாங்கி நின்ற ஒன்றைப் பறித்துவிடுகிறார்கள். பேட்மேனுக்குக் குடும்பச் சொத்து இல்லை. வொண்டர் வுமனுக்குத் தீவும் இல்லை, சகோதரிகளும் இல்லை. சூப்பர்மேனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே கென்ட் தம்பதியிடம் வளரும் வாய்ப்பு இல்லை. 'இப்படி நடந்திருந்தால்?' என்ற வகைக் கதைகள் அமெரிக்கக் காமிக்ஸில் பல பத்தாண்டுகளாக வருகின்றன. பெரும்பாலானவை முதல் இதழின் வியப்போடு தீர்ந்துபோகும், ஏனென்றால் மாற்றம் வசனத்தில் மட்டும் இருக்கும். அப்சலூட் தொடர்களில் உருப்படியானவை, பறிபோனதை ஓவியத்திலும் பக்க அமைப்பிலும் காட்டுபவை. அதனால் பிடித்த ஹீரோ யார் என்று பார்த்து வாங்காமல், வரைபவர் யார் என்று பார்த்து வாங்குங்கள்.

அந்த அளவுகோலில் முதலிடம் 'அப்சலூட் வொண்டர் வுமன்' தொடருக்கு. கதை கெல்லி தாம்சன், ஓவியம் ஹேடன் ஷெர்மன், வண்ணம் ஜோர்டி பெல்லேர். 2025இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது (அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பெரிய விருது) இதற்குத்தான் கிடைத்தது. பின்னாளில் வொண்டர் வுமனாகும் குழந்தை டயானாவைக் கிரேக்கத் தேவன் அப்பல்லோ தூக்கிவந்து நரகத்தில் சிறையிருக்கும் சூனியக்காரி சர்சியிடம் ஒப்படைக்கிறான். 'அமேசான்' என்ற சொல்லையே அந்தக் குழந்தையிடம் உச்சரிக்கக்கூடாது என்பது தேவர்களின் கட்டளை. தன் இனத்தின் பெயரே தெரியாமல், பேய் பிசாசுகளுக்கு நடுவே, சூனியம் கற்று வளர்கிறாள். இவ்வளவும் கேட்டால் இருண்ட, முரட்டு வொண்டர் வுமன் வரப்போகிறாள் என்றுதான் தோன்றும். வருவதோ, எலும்புக்கூடான பெகாசஸ் என்ற சிறகுக் குதிரையின் மேல், தன்னைவிடப் பெரிய வாளோடு, எல்லோரிடமும் கனிவாகப் பேசும் ஒரு பெண். இந்த முரண்தான் தொடரின் உயிர்.

மந்திரத்தைக் கையாளும் விதத்தையும் கவனியுங்கள். இங்கே எந்த மந்திரமும் இலவசமில்லை. அங்கே வந்து சிக்கிய மனிதனான ஸ்டீவ் ட்ரெவரை நரகத்திலிருந்து மேலே அனுப்ப டயானா தன் கையையே விலையாகக் கொடுக்கிறாள். அந்தக் கை இழந்ததாகவே நீடிக்கிறது, அதன் இடத்தில் அவள் மந்திரத்தால் ஆக்கிக்கொண்ட கையைத்தான் பிறகு பார்க்கிறோம். சண்டைக் காட்சிகளில் 'அடுத்து என்ன விலை கொடுப்பாள்?' என்ற பதற்றம் இருப்பதால் டெட்ராசைட் என்ற பிரம்மாண்ட அரக்கனோடான மோதல் சலிப்பதில்லை.

ஷெர்மனின் பக்கங்களை மெதுவாகப் பாருங்கள். இரண்டு பக்கங்களையும் சேர்த்தே ஒரே படமாக யோசிப்பவர் அவர். நடுவே ஒரு பெரிய உருவம் நிற்கும், சிறு கட்டங்கள் அதைச் சுற்றி வளைந்தும் சாய்ந்தும் செல்லும். கண் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதை பெக்கா கேரியின் வசன பலூன்கள்தான் இழுத்துப்போகின்றன. இதனாலேயே இந்தத் தொடரைக் கைப்பேசியில் வாசிப்பது வீண். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி, ஒரே அமைப்பாக வரைந்ததைத் துண்டு துண்டாக்கிவிடும். அமெரிக்க இதழின் ஒரு பக்கம் ஏறத்தாழ 6⅝ அங்குல அகலம், 10¼ அங்குல உயரம். இரட்டைப்பக்கம் 13¼ அங்குலம். 11 அங்குல டேப்லெட்டைப் படுக்கவைத்துப் பார்த்தால் அது அச்சில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகச் சுருங்குகிறது, எழுத்து பொடியாகிவிடும். மின்வடிவில்தான் வாசித்தாக வேண்டும் என்றால் கணினித் திரையில் இரண்டு பக்கம் சேர்ந்து தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

குறை என்று சொன்னால், மனித உலகப் பாத்திரங்கள் தொடக்கத்தில் மெலிந்து இருக்கிறார்கள். எட்டா கேண்டியும் பார்பரா மினர்வாவும் முதல் 5 இதழ்களில் டயானாவைப் பார்த்து வியக்கும் வேலையைத்தான் அதிகம் செய்கிறார்கள். அந்த 5 இதழ்களோடு முதல் கதை முழுமையடைகிறது. அடுத்த 2 இதழ்களை மத்தியா டி யூலிஸ் வரைகிறார். அவருடைய வழவழப்பான பாணி ஷெர்மனின் கரடுமுரடுக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒட்டாது.

விற்பனையிலும் ஆரவாரத்திலும் முதலிடம் 'அப்சலூட் பேட்மேன்' தொடருக்குத்தான். ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிரகோட்டா வரைய, ஃபிராங்க் மார்ட்டின் வண்ணம் தீட்டுகிறார். இங்கே பேட்மேனான புரூஸ் வெய்னுக்கு வயது 24, தொழில் கட்டடப் பொறியாளர். அப்பா தாமஸ் பள்ளி ஆசிரியர். மாணவர்களோடு விலங்குக் காட்சிசாலைக்குப் போனபோது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இறந்துபோகிறார். அம்மா மார்த்தா உயிரோடிருக்கிறார். மாளிகை, குகை, பணியாள் எதுவும் இல்லை. பழைய கதைகளில் அந்தப் பணியாளாக வந்த ஆல்ஃபிரட் இங்கே பிரிட்டனின் எம்.ஐ.6 உளவாளி, பேட்மேனை வேவு பார்க்க வந்தவர். கதையை அவர் வாயால்தான் கேட்கிறோம்.

பணம் இல்லாத பேட்மேன் எப்படிச் சண்டை போடுவான் என்பதற்கு டிரகோட்டா வரைந்திருக்கும் விடைதான் இத்தொடரின் முதல் தகுதி. மார்பிலிருக்கும் வௌவால் சின்னம் வெறும் அடையாளமில்லை. கழற்றிக் கைப்பிடியில் பொருத்தினால் கோடரி. முகமூடியின் காதுகளை உருவினால் கத்திகள். அங்கியின் நுனிகள் கைகளைப்போல் நீண்டு பற்றிக்கொள்கின்றன. வாகனம், சுரங்கத்தில் மண் அள்ளும் லாரியின் அளவுக்குப் பூதாகரமானது. எல்லாமே ஒரு பொறியாளன் தன் கையால் செய்துகொண்டவை. முதல் இதழில் அந்தக் கோடரி என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் இது சிறுவர்களுக்கான புத்தகம் இல்லை என்பது விளங்கிவிடும். வீட்டில் பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்கள் என்றால் இதை உயரத்தில் வையுங்கள்.

பக்க அமைப்பில் டிரகோட்டா ஷெர்மனுக்கு நேர் எதிர். நேரான சிறு கட்டங்களை நெருக்கி அடுக்குவார், ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கூட வரும். திருப்பினால் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு பேட்மேன். இந்த இறுக்கமும் விடுதலையும் 'மாங்கா' என்ற ஜப்பானியக் காமிக்ஸிலிருந்து கற்றது. கட்டங்கள் நேராக இருப்பதால் டேப்லெட்டிலும் இது தாக்குப்பிடிக்கிறது.

குறையும் உண்டு. ஸ்னைடர் படம் சொல்லிமுடித்ததையும் எழுத்தில் மறுபடி சொல்வார். ஆல்ஃபிரடின் விவரணைப் பெட்டிகளில் பலவற்றைத் தாண்டிப் போனாலும் கதை புரியும். இரண்டாவது குறை அளவு சம்பந்தப்பட்டது. முதல் கதையான 'தி ஸூ' பிளாக் மாஸ்க் என்ற வில்லனையும் அவனுடைய 'பார்ட்டி அனிமல்ஸ்' கும்பலையும் வைத்து நகர மக்களின் பேராசையைப் பேசியது. அதற்குப் பின் 'பேன்' (Bane) என்ற வில்லன் வரும் கதையில் உடல்கள் ஊதுவதும் கிழிவதுமே மேலோங்கி, நகரம் பின்னால் போய்விடுகிறது. நடுவே மார்க்கோஸ் மார்ட்டின் வரைந்த 7, 8ஆம் இதழ்கள் மிஸ்டர் ஃபிரீஸ் என்ற வில்லனை வைத்து எழுதப்பட்ட குளிர்ந்த, அடங்கிய திகில் கதை. தொடரிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். வைலன் ஜோன்ஸ், ஆஸ்வால்ட் காபிள்பாட், எட்வர்ட் நிக்மா, ஹார்வி டென்ட் ஆகியோர் புரூஸின் பால்ய நண்பர்கள் என்பது ஸ்னைடர் செய்த மிக நல்ல மாற்றம். பழைய கதைகளில் இவர்கள் எந்தெந்த வில்லன்களானார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அவர்கள் சேர்ந்து அரட்டையடிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் வயிற்றைக் கலக்கும்.

'அப்சலூட் சூப்பர்மேன்' பொறுமை கேட்கும். ஜேசன் ஆரனும் ரஃபா சாண்டோவலும் கிரிப்டான் கிரகத்தை வர்க்கங்களாகப் பிரிந்த சமூகமாகக் காட்டுகிறார்கள். எல் குடும்பம் உழைக்கும் வர்க்கம், மார்பிலுள்ள எஸ் எழுத்து அந்த வர்க்கத்தின் முத்திரை. கருத்து வலுவானது. ஆனால் தொடக்க இதழ்கள் கிரிப்டானுக்கும் பூமிக்கும் மாறி மாறித் தாவுவதால், மாதம் ஒன்றாக வாசித்தவர்களுக்குப் போன மாதம் எங்கே நிறுத்தினோம் என்றே மறந்துபோனது. இதைத் தொகுப்பாக மட்டும் வாங்குங்கள். ஒரே மூச்சில் வாசித்தால் இதே அமைப்பு நன்றாக வேலை செய்கிறது.

2025 மார்ச்சில் வந்த 'அப்சலூட் மார்ஷியன் மேன்ஹன்டர்' பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், வரிசையிலேயே துணிச்சலான புத்தகம். டெனிஸ் கேம்ப் எழுத்து. ஹாவியர் ரொட்ரிகஸ் வரைவதோடு வண்ணமும் அவரே. குண்டுவெடிப்பில் தப்பிய எஃப்.பி.ஐ. அதிகாரி ஜான் ஜோன்ஸுக்கு மற்றவர்களின் எண்ணங்கள் வண்ணப் புகையாகத் தெரியத் தொடங்குகின்றன. ஆகவே இங்கே வண்ணம்தான் வசனம். திரையின் இரவு வடிகட்டியைப் போட்டு இதை வாசித்தால் பாதிக் கதை போய்விடும். 6 இதழ்களாக அறிவித்து, வரவேற்பைப் பார்த்து 12 ஆக்கினார்கள். முடிவுள்ள தொடர் என்பதால் செலவும் கைக்கு அடங்கும். அடிதடி வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றம் தரும்.

டிசியின் போட்டி நிறுவனமான மார்வெல் பக்கம் இந்த வரிசைக்கு இணை, 2024 ஜனவரியில் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. ஜோனதன் ஹிக்மன் எழுத்து, மார்க்கோ செக்கெட்டோ ஓவியம். முப்பதைக் கடந்த, மேரி ஜேனை மணந்து இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பீட்டர் பார்க்கருக்கு இப்போதுதான் சக்தி கிடைக்கிறது. பென் சித்தப்பா உயிரோடிருக்கிறார், மே சித்தி இல்லை. குடும்பக் காட்சிகள் அத்தனை இயல்பு. 4ஆம் இதழின் மையமே ஓர் இரவு விருந்துப் பேச்சுதான், ஆனாலும் கீழே வைக்க முடியாது. கோளாறு அதன் காலக்கணக்கில். ஒரு மாதம் கடந்தால் கதையிலும் ஒரு மாதம் கடக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டதால், முக்கியமான திருப்பங்கள் இரண்டு இதழ்களுக்கு இடையில் நம் கண்ணில் படாமலே நடந்துவிடுகின்றன. பின்பாதியில் இது வெளிப்படையாகவே உறுத்துகிறது. மார்வெல் அன்லிமிடெட் என்ற மின்வடிவச் சந்தாவில் இதழ்கள் சில மாதத் தாமதத்தோடு வந்துவிடுவதால், இந்தத் தொடரை அங்கே வாசிப்பதே லாபம்.

இனி வாங்கும் விஷயம். தனி இதழ், மென்னட்டைத் தொகுப்பு, கெட்டி அட்டைத் தொகுப்பு எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். மென்னட்டைத் தொகுப்பு பசை போட்டு ஒட்டிய கட்டு. நடுமடிப்பில் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் உள்ளே போய்விடும், இரட்டைப்பக்கப் படத்தின் நடுவிலுள்ள முகம் காணாமல் போவது இதனால்தான். விரித்து அழுத்தினால் கட்டு உடைந்து தாள் உதிரும். வொண்டர் வுமனுக்கு இது பெரிய இழப்பு, பேட்மேனுக்கு அவ்வளவாக இல்லை. தனி இதழ் ஸ்டேபிள் பின் அடித்தது என்பதால் முழுதாக விரியும். எனவே கையில் காசு அளவாக இருந்தால் வொண்டர் வுமனைத் தனி இதழ்களாகவோ நூல் தைத்த கெட்டி அட்டையிலோ எடுங்கள், மற்றவற்றைத் தொகுப்பாக எடுங்கள். டிசியின் 5½ × 8½ அங்குலக் குறும்பதிப்பு வரிசை பழைய கதைகளுக்கு நல்ல மலிவு வழி. ஆனால் டிரகோட்டாவின் பொடிக் கட்டங்களை அந்த அளவில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ஒரே இதழை வேறு அட்டைப்படத்தோடு விற்கும் மாற்று அட்டைகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1:25 என்று குறிப்பிட்டிருந்தால், கடைக்காரர் வழக்கமான அட்டையில் 25 பிரதிகள் எடுத்தால் இந்த அட்டையில் ஒன்று கிடைக்கும் என்று அர்த்தம். உள்ளே ஒரு கோடும் மாறாது. அதேபோல் 'அப்சலூட் பேட்மேன்' முதல் இதழ் பலமுறை மறுஅச்சானது. அட்டை மட்டும் வேறு, விலையோ முதல் அச்சின் மறுவிற்பனை விலையில் சிறு பங்கு. வாசிக்க வாங்குபவர்கள் மறுஅச்சையே கேளுங்கள்.

வாங்கிய தனி இதழ்களுக்குச் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று எமன். முதலில் துருப்பிடிப்பது ஸ்டேபிள் பின், துரு தாளில் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அமிலமில்லாத அட்டையை முதுகுக்கு வைத்து 'கரன்ட்' (இன்றைய இதழ்களுக்கான) அளவு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், பெட்டியில் நிற்கவைத்து அடுக்குங்கள், இடையிடையே சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். உறையை மூடும் டேப் பின்பக்கம்தான் இருக்க வேண்டும். இதழை உருவும்போது டேப்பை முழுதாகப் பிரித்துவிட்டு உருவுங்கள், இல்லாவிட்டால் அது அட்டையில் ஒட்டி மையை உரித்துக்கொண்டு வரும். சாதா அட்டையுள்ள கரிய நிறப் பிரதிகளில் முதுகோரம் லேசாக மடங்கினாலே வெள்ளைக் கீறல் விழும். பேட்மேன் அட்டைகள் பெரும்பாலும் கருப்பு என்பதால், கடையில் வாங்கும்போதே முதுகோரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எடுங்கள்.