பீச்சாங்கைக்காரனும் இடப்பக்க வீலும்: ஒரு லேத்தோடு 9 வருடம்

ஓமலூர் நண்பன் நேற்று ராத்திரி கூப்பிட்டான். "மாப்ள, ஐரோப்பாவுல செஞ்ச பழைய லேத் ஒண்ணு வருது, கேரேஜ் வீல் வலப்பக்கம். பையனும் உன்ன மாதிரி பீச்சாங்கைக்காரன். வாங்கலாமா?" லேத் என்றால் இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்; கேரேஜ் அதில் வெட்டும் உளியைச் சுமந்து நகரும் பாகம், வீல் அதைத் தள்ளும் கைச்சக்கரம். அவன் கேட்ட நேரம் சரியில்லை. கைக் கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கு என் 6 அடி லேத் வந்து 9 வருடம். பெட் என்ற அடித்தளம், கியர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் வழக்கெல்லாம் அந்த வீலோடுதான். இங்கே கிடைக்கும் பெரும்பாலான லேத்தைப் போல, கேரேஜின் முன்பலகையான ஆப்ரானின் இடது ஓரத்தில், இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சக்கை நெருங்கிக் கடையும்போது சூட்டில் நீலம் பாய்ந்த இரும்புச் சுருள் நேராக என் நல்ல கையில் விழும். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் என்றால் இன்னும் மோசம். சுருள் அறுபடாமல் நாடா மாதிரி நீண்டு வீலையே சுற்றும். கையுறை போடலாமே என்பார்கள். சுற்றுகிற சக்கில் கையுறை மாட்டினால் விரலும் சேர்ந்து போகும் சாமி! தகரத்தில் ஒரு மறைப்பு அடித்து வைத்தேன். அளவு பார்க்க இடைஞ்சல் என்று நானே கழற்றி எறிந்தேன். அதன் பலன்தான் இந்தக் கொப்புளம்.

கேரேஜ் தள்ளும் முரட்டு வேலை என் நல்ல கைக்கு, உளியை உள்ளே வெளியே நகர்த்தி நூல் பிடிக்க வேண்டிய கிராஸ் ஸ்லைடு தடுமாறும் கைக்கு. இது என்ன நியாயம்?

ஆனால் பொய் சொல்லக்கூடாது. மரை (திருகுப் புரி) போடும்போது இடது கையால் கிராஸ் ஸ்லைடை வெளியே எடுத்து, அதே நொடி லீடு ஸ்க்ரூ என்ற நீளத் திருகோடு கேரேஜைப் பூட்டும் ஹாஃப் நட்டை வலது கையால் விடுவிக்க வேண்டும். மற்றவர்கள் திணறும் இடம். எனக்கு முதல் வாரமே படிந்துவிட்டது. அரம் போடுவது அதைவிடச் சுகம். சோத்தாங்கைக்காரர்கள் அரத்தின் நுனியைப் பிடிக்க இடது கையைச் சுற்றுகிற சக்குக்கு மேலே நீட்டுவார்கள், அதுவும் முழுக்கைச் சட்டையோடு. பார்க்கவே வயிறு கலங்கும். அவர்களும் பிடியை இடது கையில் வைத்துத்தான் பழக வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே வந்தது. சின்ன வயதில் இந்தக் கைக்காக வாங்கிய அடி கொஞ்சமில்லை.

நண்பனிடம் சொன்னேன்: வலப்பக்க வீலையே வாங்கு. பையனின் இடது கை கிராஸ் ஸ்லைடுக்கு வந்துவிடும், சூடும் படாது.

"அப்ப உன்னோடத வித்துடறியா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

காலையில் ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன். ஹாஃப் நட்டைப் பூட்டி, கேரேஜ் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று முன்னும் பின்னும் ஆட்டிப் பார். லீடு ஸ்க்ரூ சக்குப் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும்.