ஆம்ஹர்ஸ்டில் இரண்டு வீடுகளும் ஒரு குடும்பமும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆம்ஹர்ஸ்ட் நகரில் உள்ள கவிஞர் எமிலி டிக்கின்சன் அருங்காட்சியகத்துக்குக் கவிதையின் பொருட்டே பலரும் செல்கிறார்கள். நானும் அப்படித்தான் சென்றேன். ஆனால் வழிகாட்டியுடன் அறை அறையாகச் சுற்றி வந்தபோது என் மனத்தில் நின்றவர், பெற்றோருடனேயே வாழ்ந்து முடித்த ஒரு மகளும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் அத்தையுமான ஒரு பெண்தான். கையெழுத்துப் படிகளைக் காணும் ஆவலில் புறப்படுவோர் ஒன்றை முன்பே அறிந்திருப்பது நல்லது. அவற்றில் பெரும்பகுதி ஹார்வர்டிலும் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலும் உள்ளது; அவர் எழுதிய மேசையும் ஹார்வர்டில்தான் இருக்கிறது. இங்கே காணக் கிடைப்பது குடும்பம்.

தாத்தா கட்டி, கடனால் கைவிட்டுப்போன 'ஹோம்ஸ்டெட்' என்ற செங்கல் வீட்டை 1855இல் தந்தை எட்வர்ட் மீண்டும் வாங்கினார். சிகாகோ பக்கம் குடிபெயரும் எண்ணத்தில் இருந்த மகன் ஆஸ்டினை ஊரிலேயே இருத்த, அடுத்த ஆண்டு அவருக்கும் மருமகள் சூசனுக்கும் பக்கத்திலேயே 'எவர்கிரீன்ஸ்' என்ற வீட்டைக் கட்டிக் கொடுத்தார். இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள சில நிமிட நடைதான் எமிலியின் பிற்கால உலகின் நீளம் என்பது, புல்வெளியில் நடக்கும்போதே விளங்கிவிடுகிறது. அண்ணிக்கு அவர் அனுப்பிய கடிதங்களும் கவிதைகளும் இந்த வழியாகத்தான் சென்றன.

மாடியில் அவருடைய படுக்கையறையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ரோஜாப் பூக்கள் நிறைந்த சுவர்த்தாள், பழைய துண்டுகளைக் கொண்டு மறுபடி அச்சிடப்பட்டது. ஒரு பக்கம் 18 அங்குலம்கூட இல்லாத சதுர மேசையின் நகல், சன்னலோரம் கிடக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அதில் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைக்கவே இடம் போதாது என்பார்கள். அவருடைய வெள்ளை உடையும் நகல்தான். அதில் ஒரு பை வைத்துத் தைத்திருக்கிறார்கள். துறவுக் கோலமாகவே பேசப்பட்டு வந்த அந்த உடை, வேலை செய்யும் பெண்ணின் வீட்டு உடையாக எனக்குத் தெரிந்தது அந்தப் பையைப் பார்த்த பிறகுதான்.

வேலை குறைவாகவும் இல்லை. அவர் சுட்ட ரொட்டியைத்தான் தந்தை விரும்பி உண்டார்; 1856இல் ஊர்க் கண்காட்சியில் அவர் ரை தானிய மாவும் மக்காச்சோள மாவும் சேர்த்துச் சுட்ட ரொட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தேங்காய் கேக் செய்முறை எழுதிய தாளின் மறுபக்கத்திலேயே ஒரு கவிதை இருக்கிறது. 1875இல் பக்கவாதம் தாக்கிய தாயை, 1882இல் அவர் இறக்கும் வரை, எமிலியும் தங்கை லவினியாவும் கவனித்துக்கொண்டனர். தாய் தாயாக இருந்தபோது நெருக்கம் இல்லை, அவர் எங்கள் பிள்ளையானபோதுதான் பாசம் வந்தது என்ற பொருளில் எமிலி எழுதியிருக்கிறார். தனிமையை நாடிய கவிஞர் என்ற பாடப்புத்தகச் சித்திரத்தில், மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிய இந்த ஏழாண்டுகளுக்கு இடமே இல்லை.

நேரம் குறைவாக இருப்பவர்கள்கூட எவர்கிரீன்ஸைத் தவிர்க்கக் கூடாது. மங்கிய தாள்களும் கறுத்த மரமுமாக, புதுப்பிக்கப்படாத அந்த வீட்டில்தான் குடும்பத்தின் துயரம் தெரிகிறது. ஆஸ்டின், சூசன் தம்பதியின் மகன் கில்பர்ட் 1883 அக்டோபரில், எட்டு வயதில், டைபாய்டால் இறந்தான். பல ஆண்டுகளாக அந்த வாசலை மிதிக்காத அத்தை அன்றிரவு புல்வெளியைக் கடந்து வந்தார். அவனுடைய அறையில் விளையாட்டுப் பொருட்களைப் பார்த்தபோது எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை. ஆஸ்டினுக்கும் மேபல் லூமிஸ் டாட் என்ற மணமான பெண்ணுக்கும் இருந்த உறவு அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. பின்னாளில் எமிலியின் கவிதைகளை முதலில் பதிப்பித்தவர்களில் ஒருவர் மேபல்தான் என்பதால், சூசன் வாழ்ந்த வீட்டில் நின்றுகொண்டு அந்தப் பெயரைக் கேட்பது சற்றுச் சங்கடமாகவே இருக்கிறது.

இரண்டு வீடுகளையும் அவசரமின்றிப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள். புறப்படும் முன் ஹோம்ஸ்டெட் வீட்டின் பின்பக்கம் ஒருமுறை சென்று பாருங்கள். 1886 மே மாதம் எமிலியின் சவப்பெட்டியை, அந்த வீட்டில் வேலை செய்த அயர்லாந்துத் தொழிலாளர்கள், முன்வாசலைத் தவிர்த்து அந்த வழியாகத்தான் கல்லறைக்குத் தூக்கிச் சென்றார்கள்.