ரஸ்ட்டு: டெய்லி டைப் பண்றவனோட ரிவ்யூ

ஆபீஸ்ல சி++ல இருந்த ஒரு சர்வீஸ ரஸ்ட்டுங்கற புரோகிராமிங் லாங்குவேஜுக்கு மாத்தி நாலு வருசம் ஆச்சு. மெமரி சேஃப்டி, அத கம்பைல் பண்றப்பவே செக் பண்ற பாரோ செக்கர் எல்லாம் ஊரே பேசி முடிச்சிருச்சு, அதுக்குள்ள நான் போகல. டெய்லி டைப் பண்றவனுக்கு சின்டாக்ஸ், அதாவது கோடு எழுதற முறை, எப்படின்னு மட்டும் சொல்றேன். நாலு ஸ்டார், மிச்ச ஒண்ண ஏன் புடிச்சு வெச்சேன்னு கடைசில சொல்றேன்.

இதுல சின்டாக்ஸ் மாத்தணும்னா யாரு வேணா ஆர்எஃப்சி (மாத்தத்துக்கான ப்ரொபோசல்) எழுதலாம், எழுதினா பிரிச்சு மேஞ்சிருவாங்க, ஆனா தேறி வர்றது நல்லா இருக்கு. 2015ல 1.0 வந்தப்ப எர்ரர மேல அனுப்ப ஒவ்வொரு ஃபங்ஷன் காலையும் ட்ரைங்கற மேக்ரோக்குள்ள சுத்தணும், மூணு கால் சேந்தா பிராக்கெட் எண்ணியே கண்ணு போயிரும். 2016 நவம்பர்ல 1.13ல அதுக்கு பதிலா கடைசில ஒரு ? போட்டா போதும்னு ஆயிருச்சு. 2019ல, வேல முடியற வரைக்கும் காத்திருக்க சொல்ற அவெயிட்ட புள்ளி வெச்சு பின்னாடி போடறதுக்கு அவ்ளோ சண்ட, வெளில இருந்து பாத்த எனக்கும் அசிங்கமாத்தான் தெரிஞ்சுது, இப்ப ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போனா முன்னாடி திரும்பிப் போய் அவெயிட் போட்டு பிராக்கெட் சுத்தறதுதான் எரிச்சலா இருக்கு.

கடுப்பு என்னன்னா மாத்தம் வர்ற ஸ்பீடு. வேல்யூ இந்த வடிவத்துல இருக்கான்னு பாத்து பேரு குடுக்கற இஃப் லெட்டயும் சாதா கண்டிஷனையும் && போட்டு ஒரே வரில எழுதற விசயம் 2018லயே ஆர்எஃப்சி, கைக்கு வந்தது 2025 ஜூன், 1.88ல! அதுவும் ப்ராஜெக்ட் 2024 எடிஷன்ல (லாங்குவேஜ் ரூல்களோட ஒரு தொகுப்பு) இருந்தாதான், ஏன்னா இஃப் லெட்ல டெம்பரரி வேல்யூ எப்ப ட்ராப் ஆகணும், அதாவது அழியணும்ங்கற ரூல அந்த எடிஷன்லதான் மாத்துனாங்க. அது வரைக்கும் இஃப்புக்குள்ள இஃப்புக்குள்ள இஃப்பு, கோடு ஸ்கிரீனோட வலது ஓரத்துல போய் ஒதுங்கிக்கும்.

டர்போஃபிஷ், அதான் ஃபங்ஷனுக்கு டைப் குடுக்கறப்ப போடற அந்த ::<>, புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல இத தூக்குங்கன்னுதான் கேப்பாங்க. நானும் கேட்டேன். ஆனா (அ<ஆ, இ>(ஈ)) இத பாருங்க, இது ரெண்டு கம்பேரிசனா, இல்ல அ-ங்கற ஃபங்ஷனுக்கு ரெண்டு டைப் குடுத்து கூப்புடறதா? கோட படிக்கற பார்சருக்கு தெரியாது, அந்த ரெண்டு புள்ளி ரெண்டு புள்ளி இருந்தாதான் தெரியும். கம்பைலர் டெஸ்ட்லயே இதுக்குன்னு ஒரு ஃபைல் காவலுக்கு உக்காந்திருக்கு. அதனால இதுக்கு நான் மார்க் கொறைக்கல.

கொறைச்சது குளோனுக்கு. ஒரு ஆர்க்க (பல பேர் பகிர்ந்துக்கற, எத்தன பேர்னு எண்ணி வெக்கற பாயிண்டர்) மூணு டாஸ்குக்கு குடுக்கணும்னா, டாஸ்க கிளப்பற ஒவ்வொரு ஸ்பானுக்கு முன்னாடியும் தனியா ஒரு லெட், ஒரு குளோன், அதுக்கு ஒரு புது பேரு. நடக்கறது என்னவோ ஒரு கவுண்டர் ஒண்ணு ஏறுது, அவ்ளோதான். வேரியபிள உள்ள எடுத்துக்கற மூவ் பக்கத்துலயே "இதையும் இதையும் குளோன் பண்ணி எடுத்துக்கோ"ன்னு சொல்ல வழி குடுத்தா போதும், செலவும் ஒளியாது, கையும் வலிக்காது. எதுவும் தெரியாம காப்பி ஆகக்கூடாதுங்கறவங்க பயமும் நியாயம்தான், அதான் எழுதறேன், தானா பண்ண சொல்லல, சுருக்கமா சொல்ல விடுங்கன்னுதான். நேத்து ஒரு ஃபைல்ல குளோனுக்கு வெச்ச பேரு சென்டர்_7 வரைக்கும் போயிருந்துச்சு, யார்றா எழுதினதுன்னு கிட் பிளேம் போட்டு பாத்தா என் பேரு.