சட்டைப் பை கேமராவும் என் 7,800 ரூபாயும்: சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 7,800 ரூபாய். போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தேன். இன்று புதன்கிழமை காலை அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி கேமரா வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். சேலத்தில் ஒரு காம்ப்ளெக்ஸ் மாடியில் இருக்கும் செகண்ட்ஹேண்ட் கேமரா கடை. படம் போடும் ஆப் ஒன்றில் அவர்களுக்குப் பக்கமும் இருக்கிறது, பளபளவென்று. அதுவரைக்கும் போதும்.

எனக்கு எதற்கு இந்த வயதில் கேமரா என்று வீட்டிலேயே கேட்டார்கள். வீடு அஸ்தம்பட்டியில், வேலை ஏற்காட்டில் ஒரு அலுவலகத்தில். வாரத்தில் ஆறு நாள் காலை பஸ். கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவு. பதினைந்து வருடமாக அதே ஜன்னல், அதே வளைவுகள், ஆனால் ஒருநாள் இருக்கும் மலை மறுநாள் இருப்பதில்லை. மழைக்காலத்தில் பனிமூட்டம் ரோட்டிலேயே படுத்திருக்கும். போனில் எடுக்கலாம்தான். எடுக்கப் போனால் ஆபீஸ் குரூப்பில் நாலு மெசேஜ் வந்து நிற்கும், அதைப் பார்த்து முடிப்பதற்குள் வளைவு போய்விடும். படம் எடுப்பதற்கு மட்டும் ஒரு பொருள் வேண்டும், சட்டைப் பையில் அடங்க வேண்டும், பையிலிருந்து எடுத்தவுடன் படம் பிடிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

இப்போது அந்த மாதிரி ஒல்லிக் கேமராக்கள் புதிதாகப் பெரிதாக வருவதில்லை. போன் வந்து அந்த ஜாதியையே ஒழித்துவிட்டது. பழையதைத்தான் தேட வேண்டும். நான் தேடியது சோனி சைபர்ஷாட் டி-77. 2008-ல் வந்தது. 10 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், பின்பக்கம் முழுக்க 3 அங்குலத் தொடுதிரை. தடிமன் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், அதாவது சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. முன்னால் இருக்கும் தகட்டைக் கீழே தள்ளினால் கேமரா ஆன் ஆகிவிடும். லென்ஸ் மூக்கை நீட்டிக்கொண்டு வெளியே வராது. உள்ளேயே ஒரு பிரிசம் வெளிச்சத்தைச் செங்குத்தாக மடக்கி உடம்புக்குள்ளேயே கீழே அனுப்புகிறது. ஆடும் பஸ்ஸில் கம்பியில் இடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எங்கே ஃபோகஸ் வேண்டுமோ திரையில் அங்கே தொட்டால் போதும். அந்தக் கேமராவை இன்னும் நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல பொருள். அதை விற்றவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கடைக்குப் போனபோது என்ன மரியாதை தெரியுமா. "வாங்கண்ணா, உக்காருங்கண்ணா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முப்பது வயது இருக்கும். கீழே இருந்து டீயும் ஒரு தட்டுவடை செட்டும் வரவழைத்தார். காலேஜ் பசங்க எல்லாம் இப்போது பழைய டிஜிட்டல் கேமராவுக்குத்தான் அலைகிறார்கள், அதனால்தான் விலை ஏறிப்போச்சு என்றார். அது உண்மைதான், என் மகளே சொல்லியிருக்கிறாள். 8,500 சொன்னார், 7,800-க்கு இறங்கினார். நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் அந்தத் தகட்டைச் சர்ரென்று கீழே தள்ளி, தட்டுவடையைக் கையில் வைத்திருந்த என்னை ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் என் முகம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. "என் சொந்தத் தங்கச்சிக்கு இதே மாடல்தான் குடுத்திருக்கேங்கண்ணா, ரெண்டு வருஷமா ஓடுது" என்றார்.

அந்த இடத்தில் விழுந்துவிட்டேன். படம்தான் எடுக்கிறதே, இன்னும் என்ன பார்ப்பது?

மெமரி கார்டு உள்ளே இல்லை. கேட்டேன். "இதுக்கு மெமரி ஸ்டிக் ப்ரோ டுயோ வேணுங்கண்ணா, சாதாரண கார்டு போகாது. இப்ப ஸ்டாக் இல்ல. ஆன்லைன்ல அடாப்டர் கிடைக்கும், அதுல சின்னக் கார்டைப் போட்டுக்கலாம்" என்றார். அதுவும் உண்மைதான். இவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. பில் கேட்டதற்கு, "செகண்ட்ஸுக்கு பில் வராதுங்கண்ணா" என்று விசிட்டிங் கார்டின் பின்னால் '7 நாள் செக்கிங் வாரண்டி' என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கார்டு அப்படியே இருக்கிறது. யூபிஐயில் பணம் போட்டபோது கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "வீட்டுக்காரம்மா அக்கவுண்ட்டுங்க" என்றார். அலுவலகத்தில் ஒரு ரூபாய் வவுச்சருக்குக் கையெழுத்து இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறவன் நான். என் சொந்தக் காசு 7,800 என்றபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் எடுத்துப்போனேன். கார்டு இன்னும் வரவில்லை, ஆனாலும் படம் எடுத்தது. பனிமூட்டம் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி இருந்தது. மூன்று படம். நான்காவதற்கு அழுத்தினால் மெமரி நிறைந்துவிட்டது என்று வந்தது. அப்போதுதான் புரிந்தது, கேமராவுக்குள்ளேயே கொஞ்சூண்டு நினைவகம் இருக்கிறது, கார்டு இல்லாவிட்டால் அதில் விழும். கடையில் என்னை எடுத்த படமும் அப்படி விழுந்ததுதான். திரை மூலையில் அதற்கு ஒரு சின்ன அடையாளம்கூட இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

சரி, மூன்று படத்தையும் சாயங்காலம் பார்த்தேன். பனிக்குள் ஒரு பருந்து. நல்ல படம் என்று வீட்டில் காட்டினேன். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, மூணு படத்துலயும் அதே எடத்துல பறக்குது" என்றாள். பருந்து இல்லை. உள்ளே தூசி. லென்ஸ் உள்ளேயே மடங்கியிருப்பதால் வெளியில் துடைத்துப் பிரயோஜனம் இல்லை, கேமராவைப் பிரித்தால்தான் போகும். கடையின் மங்கிய வெளிச்சத்தில், பல நிறம் இருக்கும் படத்தில் அது தெரியாது. வெள்ளைப் பனியில்தான் காட்டிக்கொடுத்தது. ஏற்காடு செய்த உபகாரம்.

புதன்கிழமை அடாப்டரும் கார்டும் வந்தன, 650 ரூபாய், அது தனிக் கணக்கு. போட்டால் மெமரி ஸ்டிக்கை எடுத்து மறுபடி போடு என்கிறது. போட்டேன். மறுபடி போடு. இருபது தடவை போட்டிருப்பேன். அடாப்டர்தான் டூப்ளிகேட்டோ என்று சந்தேகம். சேலத்தில் குகை என்ற பகுதியில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர், பழைய ஆள், ஒரிஜினல் ஸ்டிக் ஒன்று வைத்திருந்தார். அதைப் போட்டாலும் அதே. அவர் பூதக்கண்ணாடியை வைத்து உள்ளே பார்த்துவிட்டு, "பின்னு ரெண்டு வளைஞ்சு கெடக்கு. ஸ்க்ரூ தலையைப் பாரு, யாரோ கழட்டி மாட்டியிருக்கான்" என்றார். திரையிலும் ஓரத்தில் தொட்டால் வேலை செய்யவில்லை. அழுத்தித் தொடுகிற பழைய ரகத் திரை, அது எனக்குத் தெரியும். மெனுவில் அளவு சரிசெய்யும் வசதி இருக்கிறது, அதையும் செய்தேன். வலது ஓரம் செத்தது செத்ததுதான்.

வியாழக்கிழமை, ஐந்தாவது நாள், கடைக்குப் போனேன். 'அண்ணா' போய் 'சார்' ஆகியிருந்தது. டீயும் இல்லை. "கார்டு இல்லாமலே படம் எடுக்குதில்ல சார்? அப்ப கேமரா வொர்க்கிங் கண்டிஷன்தானே?" என்றார். மூன்று படத்துக்கு மேல் எடுக்க முடியாத கேமராவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றேன். "பாத்துட்டு அழிச்சிட்டு அழிச்சிட்டு எடுக்கலாமே" என்று சிரித்தார். கூட இருந்த பையனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு, "விட்டுட்டுப் போங்க, சர்வீஸ் ஆளு ஈரோட்லேர்ந்து சனிக்கிழமை வருவாரு, பாத்துடலாம்" என்றார். விட்டுவிட்டு வந்தேன், அதற்கும் ஒரு சீட்டு வாங்காமல்.

சனிக்கிழமை போன் செய்தேன், ஆள் வரவில்லை. ஞாயிறு கடை லீவு. திங்கட்கிழமை வேலை முடிந்து நேரே போனேன். கேமரா அதே டப்பாவில், அதே மூலையில், யாரும் தொடாமல் இருந்தது. இல்லை, தொட்டிருக்கிறார்கள், தகட்டில் புதிதாக ஒரு கீறல். "சார், இன்னிக்கு ஒம்பதாவது நாள். செக்கிங் வாரண்டி ஏழு நாள்தானே?" ஐந்தாவது நாளே அவர் மேஜையில்தான் இருந்தது கேமரா என்றேன். அதற்குப் பதில் இல்லை. "வேணும்னா ஒண்ணு பண்ணலாம், இதை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறேன், மேல 3,500 குடுங்க, வேற மாடல் தரேன்." ஒரு கெட்ட கேமராவுக்கு 7,800 வாங்கியவர், இன்னொன்றுக்கு மேலே 3,500 கேட்கிறார். நேற்று வாட்ஸ்அப்பில் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "ஹலோ, சும்மா டார்ச்சர் பண்ணாதீங்க" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அண்ணா, சார், ஹலோ. பதினோரு நாளில் என் மரியாதை இறங்கிய கணக்கு இது. இன்று காலை ஒற்றை டிக். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கமெண்டையும் காணோம்.

மதியம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் சரியாகவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில் இல்லை, ஆனால் யூபிஐ ரசீது இருக்கிறது, அந்த விசிட்டிங் கார்டு இருக்கிறது, வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது மணி பதினொன்று, காலையில் பஸ் பிடிக்க வேண்டும். சுருக்கமாக: கடைக்குப் போகும்போதே அந்த மாடலுக்கான கார்டு, வேலை செய்வது என்று தெரிந்த ஒன்றை, யாரிடமாவது வாங்கிக்கொண்டு போங்கள். பத்துப் படம் எடுத்து, ஆஃப் செய்து, ஆன் செய்து, கார்டிலிருந்து திரும்பப் பாருங்கள். வெளியே வந்து வானத்தை, இல்லையென்றால் வெள்ளைச் சுவரை, முழு ஜூமில் ஒரு படம். திரையின் நாலு மூலையையும் தொடுங்கள். பேட்டரியை வெளியே எடுத்து மேஜையில் படுக்க வையுங்கள், உப்பியிருந்தால் தெரியும். ஸ்க்ரூ தலையைப் பாருங்கள். பில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள், தட்டுவடை சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை.

அந்தப் பனிப்படம் மூன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்றால், இந்தக் கேமராவுக்கு அதற்கே உரிய கேபிள் வேண்டும், போன் கேபிள் பொருந்தாது. 7,800 ரூபாயில் கேபிள் சேர்த்தி இல்லையாம்.