ஜூலையில் பிறந்த குழந்தை: இந்த வருடமே எல்கேஜியா, அடுத்த வருடமா?

தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்தால் பொதுவாக எல்கேஜியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் ஆகஸ்டில் பிறந்த குழந்தையும் அடுத்த ஜூலையில் பிறந்த குழந்தையும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். இடையில் பதினொரு மாதம். சின்னதுக்கு அது வாழ்ந்த வாழ்நாளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

இப்போதே சேர்ப்பதில் லாபம் உண்டு. வீட்டில் விளையாட ஆளில்லாத குழந்தைக்குத் துணை கிடைக்கும். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் அதுவே பெரிய நிம்மதி. சிக்கல் எழுத்தில்தான். பல பள்ளிகளில் முதல் மாதமே ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன் என்று நேர்கோடும் படுக்கைக்கோடும் போடும் பயிற்சி வந்துவிடுகிறது. மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகாத வயது. பென்சிலைக் கரண்டி மாதிரி முஷ்டியில் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்துக் கோடு போடுகிறது குழந்தை. தாள் கிழிகிறது. பக்கத்தில் இருக்கும் ஆகஸ்ட் குழந்தை ஸ்டார் வாங்கிவிடுகிறது. நமக்கு எழுதவே வராது என்று ஒரு குழந்தையை மூன்று வயதிலேயே நினைக்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வருடம் பொறுத்தால் இதெல்லாம் தானாகக் கனியும். ஆனால் அந்த வருடம் செல்போனோடு வீட்டில் கழியக் கூடாது. அங்கன்வாடியைப் பலர் சத்துமாவு வாங்கும் இடமாக மட்டும் பார்க்கிறார்கள். அங்கே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று தனிப் பாடத்திட்டமே இருக்கிறது. மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. சில தனியார் எல்கேஜியைவிட அதுவே மூன்று வயதுக்குப் பொருத்தம் என்பேன்.

வயதுக் கணக்கிலும் ஒரு விஷயம். மாநிலப் பாடத்திட்டத்தில் முதல் வகுப்புக்கு 5 வயது போதும். மத்திய அரசுப் பள்ளியான கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-க்குள் 6 நிறைய வேண்டும். ஜூலைக் குழந்தை ஒரு வருடம் தாமதித்தாலும் அங்கே மூன்று நான்கு மாதம் குறையும். மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் இதை முன்பே யோசியுங்கள்.

ஏபிசிடி தெரிகிறதா என்பதை விடுங்கள். ஒண்ணுக்கு வருகிறது என்று புது ஆளிடம் சொல்கிறதா, டிபன் பாக்ஸைத் தானே திறக்கிறதா, "செருப்பைக் கழற்றிட்டு வந்து உட்காரு" என்றால் இரண்டையும் செய்கிறதா என்று பாருங்கள். மூன்றும் வந்தால் இப்போதே சேர்க்கலாம். வராவிட்டால் பொறுப்பதே நல்லது. மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் மட்டும் 'பொறுத்துப் பார்ப்போம்' வேண்டாம். குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் சோதித்துவிடுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன் பள்ளியில் கேளுங்கள்: எல்கேஜியில் எழுத வைப்பது எந்த மாதம்? "இந்த வருடம் முழுக்கப் பாட்டும் விளையாட்டும்தான்" என்று சொல்லி, வகுப்பையும் காட்டினால், அந்த மூன்றும் வருகிற ஜூலைக் குழந்தையைத் தயங்காமல் சேர்க்கச் சொல்வேன்.