அரசாணியா, சர்க்கரைவள்ளியா? நோம்பி இலைக்கு இனிப்புக் காரமாய் ஒரு வறுவல்

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ, நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நாள் விருந்தில் சாப்பிட்டதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். துண்டு துண்டாய் நறுக்கிய ஆரஞ்சு நிறக் கிழங்கு, ஓரமெல்லாம் கருஞ்சிவப்பு, மேலே மேப்பிள் சிரப், உப்பு, கொஞ்சம் மிளகாய்த் தூள். பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு வரும்போது "இதே மாதிரி இங்கயும் பண்ணலாம்மா" என்பார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டு வீடுகளில் இப்போது ஓவனுக்குப் பஞ்சமில்லை. சரி, பண்ணலாம். எந்தக் காயில் என்பதுதான் கேள்வி.

முதலில் எல்லோருடைய கையும் போவது சர்க்கரைவள்ளிக்குத்தான். பொங்கல் சமயத்தில் கரும்பும் மஞ்சள் கொத்தும் விற்கும் இடத்திலேயே கிழங்கையும் குவித்து வைத்திருப்பார்கள், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் என் ஓட்டு அரசாணிக்காய்க்கு, அதாவது மஞ்சள் பூசணிக்கு. ஏன் என்று சொல்கிறேன். கேரட், சின்ன வெங்காயம், பீட்ரூட், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) என்று போட்டிக்கு நிற்கும் மற்றவற்றையும் பார்த்துவிடலாம்.

சர்க்கரைவள்ளி

நம் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் சிவப்புத் தோல், உள்ளே வெள்ளை அல்லது இளமஞ்சள் சதை. மாவு அதிகம், ஈரம் குறைவு. படத்தில் இருப்பதோ உள்ளேயும் ஆரஞ்சு நிறமாக, வெந்ததும் நெகிழ்ந்துபோகிற வகை. இரண்டையும் ஒரே கிழங்கு என்று நினைத்து அதே குறிப்பைப் பின்பற்றினால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே தொண்டையை அடைக்கும் மாவுமாக வரும். ரசம் ஊற்றித்தான் இறக்க வேண்டும்.

குறை சொல்லியே ஒதுக்கிவிடவும் முடியாது. சுட்ட கிழங்கின் ருசிக்கு ஈடு கிடையாது. அதற்குக் காரணமும் உண்டு. கிழங்குக்குள் இருக்கும் ஒரு நொதி, மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். கிழங்கின் உட்சூடு சுமார் 60 டிகிரியிலிருந்து 75 டிகிரி வரை இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். குக்கரில் வைத்தால் அந்தக் கட்டம் சீக்கிரம் தாண்டிப் போய்விடுகிறது. கங்கில் புதைத்த கிழங்கு மெதுவாகச் சூடேறுவதால் இனிப்பு ஊற நேரம் கிடைக்கிறது. மாட்டுப் பொங்கல் அன்று பட்டியில் பானையை இறக்கிய பிறகு அடுப்பில் கங்கு இருக்கும். அதில் முழுக் கிழங்கைப் புதைத்து, வெந்ததும் பிட்டு, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி எலுமிச்சை பிழிந்தால் போதும். வேறு எந்தச் சேர்மானமும் தேவையில்லை. ஓவனில் செய்வதாக இருந்தாலும் இதே சூத்திரம்தான்: ஓவனை முன்கூட்டிச் சூடேற்றாமல், குளிர்ந்த ஓவனிலேயே கிழங்கை வைத்து மெல்ல ஏற்றுங்கள்.

சிக்கல் இலையில்தான். ஏற்கெனவே சர்க்கரைப் பொங்கல் இருக்கிறது, பாயசம் இருக்கிறது, சில வீடுகளில் கச்சாயமும் வந்துவிடும். அத்தனைக்கும் நடுவில், தானாகவே இனிக்கும் கிழங்கின் மேல் நாட்டுச்சர்க்கரையும் தூவினால் அதுவும் ஒரு பலகாரமாகிவிடும். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகாது. "சோத்துல எதுக்குக் கண்ணு சக்கரை?" என்று பெரியவர்கள் ஒதுக்கி வைப்பது இதைத்தான்.

அரசாணிக்காய்

வெளியூர்க்காரர்கள் பரங்கி என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்லும் இதே காய், நம் தோட்டத்து வரப்பில் கேட்பாரின்றிக் காய்த்துக் கிடக்கும். முற்றிய காயைக் காம்போடு பறித்து, அடிபடாமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வைத்திருக்க வைத்திருக்க மாவுச்சத்து குறைந்து இனிப்பு கூடும். நோம்பிக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி மூலையில் போட்டுவிடலாம். கடைசி நேரச் சந்தை நெரிசல் மிச்சம்.

படத்தில் இருக்கும் அந்த ஆரஞ்சுக் கிழங்குக்கு நம்மூரில் நெருங்கிய சொந்தம் சர்க்கரைவள்ளி இல்லை, அரசாணிதான். நிறம் ஒன்று, ஈரம் கிட்டத்தட்ட ஒன்று, வெந்தபின் வெண்ணெய் போல் நெகிழும் தன்மையும் ஒன்று. அதைவிட முக்கியம், இதன் இனிப்பு அடக்கமானது. உப்பும் புளிப்பும் காரமும் நாட்டுச்சர்க்கரையும் அதன் மேல் ஏறி உட்கார இடம் இருக்கிறது. அமுச்சிகள் (அம்மா வழிப் பாட்டிகள்) அரசாணிப் பொரியலில் தேங்காயோடு ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு இறக்குவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த நாக்கு நமக்கு ஏற்கெனவே பழகியது. விருந்தாளிகளுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஆனால் இந்தக் காயில் தண்ணீர் பத்தில் ஒன்பது பங்குக்குப் பக்கமாக இருக்கும். அந்தத் தண்ணீர் போகாமல் காய் சிவக்காது. தண்ணீர் இருக்கும்வரை காயின் மேற்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதற்கும் அந்த வறுத்த மணத்துக்கும் 140 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே நெருக்கமாகக் குவித்து வைத்தால் துண்டுகள் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வெந்து குழைந்துவிடும். பிறகு கரண்டியால் கிண்டினால் கூட்டுதான் மிஞ்சும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டு, ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். உப்பையும் முன்கூட்டியே போட்டு ஊற வைக்கக் கூடாது, நீர் விட்டுவிடும். அடுப்பில் வைக்கப் போகும்போது புரட்டினால் போதும்.

காயைப் பார்த்து வாங்குவதில்தான் பாதி வெற்றி. முழுக்காய் என்றால் நகம் இறங்காத தோல், அளவுக்கு மீறிய கனம். வெட்டிய பத்தை என்றால் சதை அடர்த்தியாக, ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில், விதை பருத்து இருக்க வேண்டும். வெளிறிய மஞ்சளாக, நடுவில் நார் தொங்கும் பத்தையைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வறுவலுக்குத் தோலைச் சீவவே வேண்டாம். முற்றிய தோல்தான் துண்டை உடையாமல் பிடித்து வைக்கிறது, வெந்ததும் கடிக்கவும் வரும். மிகவும் கட்டியாகத் தோன்றினால் சாப்பிடும்போது விரலால் உரித்துக்கொள்ளலாம். விதையைக் கழுவிக் காயவைத்து உப்போடு வறுத்தால், கடைசியில் மேலே தூவ முந்திரி வாங்க வேண்டியதில்லை.

கேரட்டும் சின்ன வெங்காயமும்

இந்த ஜோடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீலகிரிக் கேரட் மேட்டுப்பாளையம் மண்டி வழியாக ஊரெல்லாம் வந்துவிடுகிறது. சின்ன வெங்காயம் நம் பக்கத்து மண்ணிலேயே விளைவது. கேரட்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, உரித்த வெங்காயத்தை முழுசாகச் சேர்த்து வறுத்தால் குழையாது, உடையாது. நேரம் கொஞ்சம் தப்பினாலும் மன்னித்துவிடும். கை பழகாதவர்கள் இதில் தொடங்கலாம். வெங்காயம் வெளியே கருத்து உள்ளே பாகு போல் ஆகும்போது வரும் இனிப்புக்குச் சர்க்கரை கூடத் தேவைப்படாது.

உரிப்பதுதான் பாடு. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் தோல் இளகும். அப்படியும் இருபது பேருக்கு உரிப்பதென்றால் வீட்டில் நாலு கை வேண்டும், நோம்பி அன்று அந்த நாலு கையும் வேறு எங்கோ இருக்கும்.

பீட்ரூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடுமலைப் பக்கம் நன்றாக விளைகிறது, சத்தானது, ஆனால் அந்த மண்வாசம் எல்லோருக்கும் பிடிக்காது. தவிர, இலையில் சோறு, தயிர், பக்கத்துப் பொரியல் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். தனிக் கிண்ணத்தில் வைப்பவர்களுக்குச் சரி. குச்சிக்கிழங்கைப் பச்சையாக ஓவனில் வைக்கவே வேண்டாம். அதில் இயல்பாகவே சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. தோலுரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து வடித்த பிறகுதான் வறுக்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கத்தில் தாளித்துச் சாப்பிடும் வழக்கமே அதற்குப் பொருத்தம். இனிப்புக் காரம் அதற்கு ஒட்டவில்லை.

இனிப்பு எதில்?

மேப்பிள் சிரப் என்பது மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது. சுமார் 40 லிட்டர் சாறு வற்றித்தான் ஒரு லிட்டர் கிடைக்கும். அதன் விலைக்கு இங்கே ஒரு நோம்பிச் செலவையே முடித்துவிடலாம். வாங்கியவர்கள் வைத்திருக்கட்டும், நமக்குக் கவுந்தப்பாடி இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் நாட்டுச்சர்க்கரை போகிறது.

பொடியாக இருப்பதுதான் நாட்டுச்சர்க்கரையின் பலம். எண்ணெய் பூசிய காயின் மேல் தூவியதும் ஒட்டிக்கொள்ளும், உருகி மெல்லிய பூச்சாகும். வெல்லத்தில் செய்யப் போனால் கரைக்க வேண்டும், மண் இருந்தால் வடிகட்ட வேண்டும், அந்தத் தண்ணீர் மறுபடியும் காயை நனைத்துவிடும். அரசாணியின் ஈரத்தை இவ்வளவு பாடுபட்டுப் போக்கிவிட்டு மேலே பாகை ஊற்றுவதில் அர்த்தமில்லை. சந்தையில் பளபளவென்று வெளிறி இருக்கும் சர்க்கரை வேண்டாம், பழுப்பாக இருப்பதே மணம் கூடியது.

தேன் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதில் பிரக்டோஸ் அதிகம் என்பதால் சீக்கிரம் கருகிவிடும். தேன்தான் வேண்டும் என்றால் இறக்கிய பிறகு ஊற்றுங்கள். கருப்பட்டியின் மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. அது சுக்குக் காப்பிக்கே இருக்கட்டும்.

எதைப் போட்டாலும், கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். தொடக்கத்திலேயே சேர்த்தால் காய் வேகும் முன் சர்க்கரை கருகிக் கசக்கும், தட்டையும் சுரண்டியெடுக்க வேண்டியிருக்கும்.

எண்ணெய், அடுப்பு

அரசாணியோடு தேங்காய் எண்ணெயின் மணம் அருமையாகச் சேரும். ஆனால் அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். தை மாதக் காலையில் செய்து வைத்து, எல்லோரும் கோயிலுக்குப் போய் வருவதற்குள் துண்டுகளின் மேல் வெள்ளையாய்ப் படிந்திருக்கும். சுடச்சுடப் பரிமாறுவதானால் தேங்காய் எண்ணெய், காத்திருக்க வேண்டியிருந்தால் கடலை எண்ணெய். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கியிருந்தால் உருக்கி நெய்யாக்கி, இறக்கும்போது ஒரு கரண்டி விடலாம். வெண்ணெயாகவே ஓவனில் வைத்தால் அதிலிருக்கும் பால் பொருள் கருகிவிடும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு இரும்பு தோசைக்கல் போதும். வடச்சட்டியைவிடக் கல் மேல், ஏனென்றால் பரப்பு அதிகம், ஆவி தங்காது. மூடி போடாமல், ஒரு பக்கம் சிவக்கும்வரை தொடாமல் விட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். பொறுமை வேண்டும், கூட்டம் அதிகமானால் கை ஓய்ந்துவிடும். ஏர் ஃபிரையர் அரசாணிக்கு நன்றாகவே பொருந்துகிறது. காற்று ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போட்டால் மீண்டும் அதே ஆவிக் கதைதான். நாலு பேர் குடும்பத்துக்குச் சரி, சம்பந்தி வீட்டாரோடு சாப்பிடும் நாளுக்கு ஆகாது.

அளவு

விதை நீக்கிய அரசாணி 1 கிலோ, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஈரோட்டு மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த் தூள் 1 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த கொத்தமல்லியும் சீரகமும் சேர்த்து 1 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. புரட்டி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி, 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 25 நிமிடம் வையுங்கள். கத்தி எளிதாக இறங்கினால் 2 மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரையும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் தூவி, இன்னும் 8 முதல் 10 நிமிடம். கடைசி மூன்று நிமிடம் ஓவனைவிட்டு நகராதீர்கள். வெளியே எடுத்ததும் அரை மூடி எலுமிச்சை, கொரகொரப்பாக இடித்த வறுத்த நிலக்கடலை. எலுமிச்சையைச் சும்மா அழகுக்கு என்று விட்டுவிடக் கூடாது. புளிப்பு இல்லாவிட்டால் இனிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும்.

தண்ணீர் வற்றுவதால் காய் நன்றாகச் சுருங்கிவிடும், இலைச் சாப்பாட்டுக்கு இது ஆறேழு பேருக்கு வரும். அரிசிம்பருப்பு சோற்றுக்கும் தயிர் சோற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. சாம்பாரோடு அவ்வளவு சரிப்படாது, இரண்டிலும் கொத்தமல்லி வாசம் முட்டிக்கொள்ளும்.

முப்பது, நாற்பது பேர் என்றால் மட்டும் என் கட்சியை மாற்றிக்கொள்வேன். அவ்வளவு அரசாணியை ஒரே அடுக்கில் பரப்ப எந்த வீட்டு ஓவனிலும் இடமில்லை. அந்த நாளைக்குச் சர்க்கரைவள்ளியை முதல் நாளே தோலோடு முக்கால் பதம் வேகவைத்து ஆறவிட்டு, மறுநாள் பெரிய இரும்புச் சட்டியில் கடுகு, வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்துப் புரட்டி எடுத்துவிடலாம். சர்க்கரை சேர்க்காமல், எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாகப் பிழிந்து.