படுகையா, கல்லா, கசடா? கழிவுநீரைப் பாக்டீரியாவிடம் ஒப்படைத்த மூன்று வழிகள்

சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுத் தெளியவைத்தால் கழிவுநீர் கண்ணுக்குத் தெளிந்துவிடும். ஆனால் கரைந்திருக்கும் அழுக்கு அப்படியே ஆற்றுக்குப் போய், அங்கே மறுபடியும் நாறும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பெருநகரங்கள் இதில்தான் மாட்டிக்கொண்டு நின்றன.

விடைக்கான துப்பு 1877இலேயே பிரான்சில் கிடைத்திருந்தது. ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் மணல் நிரப்பிய குழாயில் கழிவுநீரை மெல்ல இறக்கினார்கள். முதல் 20 நாள் எந்த மாற்றமும் இல்லை. பிறகு நீரிலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது; அழுக்கு சிதைவதன் அடையாளம் இது. நுண்ணுயிரை முடக்கும் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுபோனது. மணல் வெறும் சல்லடை என்றால் குளோரோஃபார்முக்கு அது ஏன் அடங்க வேண்டும்? அந்த 20 நாளும் நுண்ணுயிர் பெருக எடுத்துக்கொண்ட காலம். பின்னால் வந்த மூன்று முறைகளையும் இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடலாம்: காற்றை எப்படிக் கொடுக்கிறார்கள், பெருகிய பாக்டீரியாவை எப்படித் தக்கவைக்கிறார்கள்?

முதலில் நிரப்பி வடிக்கும் படுகை. லண்டனின் பார்க்கிங் (Barking) என்ற இடத்துக் கழிவுநீர் நிலையத்தில் 1890களில் வேதியியலாளர் வில்லியம் டிப்டின் ஒரு ஏக்கர் பரப்பில் 3 அடி ஆழத்துக்குக் கோக் கரித்துண்டுகளைப் பரப்பிச் சோதித்தார். பிற்பாடு பரவலான சுற்று இது: ஒரு மணி நேரம் நிரப்பு, 2 மணி நேரம் நிறுத்து, ஒரு மணி நேரம் வடி, 4 மணி நேரம் சும்மா விடு. நீர் வடியும்போது அதன் இடத்தில் காற்று புகும். அந்த ஓய்வில்தான் பாக்டீரியா மூச்சுவிடும். அவசரப்பட்டு ஓய்வைக் குறைத்தால் படுகை அழுகி நாறும். ஓய்வை முறையாகக் கொடுத்தாலும் இடுக்குகள் மெல்ல அடைபடும். தொடக்கத்தில் படுகையின் கொள்ளளவில் ஏறத்தாழ பாதி காலி இடம். அது மூன்றில் ஒன்றாகவும் அதற்குக் கீழாகவும் சுருங்கும். கடைசியில் மொத்தக் கரியையும் வெளியே அள்ளிக் கழுவ வேண்டும். இந்தப் போட்டியில் இதற்கு மூன்றாம் இடம்தான்.

இரண்டாவது, கல் வடிகட்டி. மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பொறியாளர் ஜோசஃப் கார்பெட் 1893இல் நீரைத் தேக்காமல் மேலிருந்து தெளித்தார். பிற்பாடு பரவலான வடிவம் இது: ஏறக்குறைய 6 அடி உயரத்துக்குக் கற்குவியல். மேலே சுழலும் துளைக்குழாய்கள், அவற்றைச் சுழற்றுவது பீறிடும் நீரின் எதிர்விசையே. நீர் கல்லின் மேல் படலமாக இறங்க, இடுக்குகளில் காற்று எப்போதும் இருக்கும். தனியாக ஓய்வு தேவையில்லை. அதனால் ஒரே அளவு கல்லுக்கு, படுகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கழிவுநீரைத் தாங்கும் என்று கழிவுநீர் அகற்றலுக்கான பிரிட்டனின் அரச ஆணையம் கணித்தது. குறைகளும் உண்டு. முன்தொட்டியில் கசடு சரியாகப் படியாவிட்டால் கல்லின் மேல் குட்டை கட்டும். கல்லில் படியும் பாக்டீரியாப் படலத்தில் சின்ன ஈக்கள் பெருகி அக்கம்பக்கத்தாரை வதைக்கும். படலம் அவ்வப்போது உரிந்து விழுவதால் கீழேயும் ஒரு படிவுத்தொட்டி கட்டாயம் வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டால், சரிவான நிலத்தில் மின்சாரமே இல்லாமல் ஓடும். இந்த முறையின் மேல் எனக்குள்ள மரியாதை இன்றும் குறையவில்லை.

மூன்றாவது வழியில் கல்லும் இல்லை, கரியும் இல்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் குப்பிகளில் கழிவுநீருக்குள் காற்று ஊதுவதை 1912இல் ஆங்கில வேதியியலாளர் கில்பர்ட் ஃபௌலர் பார்த்தார். (இவர்தான் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர்.) மான்செஸ்டரின் டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற வேதியியலாளர்கள் அதைத் தொடர்ந்தார்கள். வெளிச்சத்தில் பாசி வளர்ந்து கணக்கைக் குழப்பக் கூடாதென்று குப்பிகளைப் பழுப்புத்தாளால் மூடினார்கள். முதல் தடவை அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக ஏறக்குறைய 5 வாரம் ஆனது. ஊதிய காற்று அத்தனையும் வீண் என்றே தோன்றும் இடம் இது.

அடுத்த படியில்தான் விஷயம் இருக்கிறது. காற்றை நிறுத்தி, தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் படிந்த கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, புதுக் கழிவுநீரை ஊற்றி மறுபடி ஊதினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கசடு கூடியது, நேரம் குறைந்தது. இறுதியில் ஒரே நாளுக்குள் வேலை முடிந்தது. 1914 ஏப்ரல் 3 அன்று மான்செஸ்டரில் இந்த முடிவை அறிவித்தபோது அவர்கள் வைத்த பெயர் ‘ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்’, அதாவது உயிரூட்டப்பட்ட கசடு. அதுவரை எங்கே கொட்டுவதென்று தவித்த கசடுதான் இங்கே விதைநெல். சால்ஃபோர்டில் அதே ஆண்டு பெரிய தொட்டி, நிரப்பி, தெளிந்த நீரை இறுத்தெடுக்கும் முறையிலேயே, ஓடத் தொடங்கியது. இங்கிலாந்தின் வுஸ்டர் நகரில் 1916இல் தொடரோட்ட நிலையம் வந்தது: ஒரு பக்கம் நீர் நுழைய, மறுபக்கம் படிவுத்தொட்டியிலிருந்து கசடு திரும்பி வரும்.

இதன் பலவீனம் படிவுத்தொட்டியில். இழைப் பாக்டீரியா மிகுந்தால் கசடு பஞ்சு போல உப்பி, படியாமல் நீரோடு வெளியேறும். தினமும் ஒரு லிட்டர் அளவுக்குழாயில் தொட்டிநீரை எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். படிந்த கசடு 300 மில்லி, அதே நீரில் திடப்பொருள் 2 கிராம் என்றால், மில்லியைக் கிராமால் வகுத்த விகிதம் 150. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் ஆக்சிஜன் பற்றாக்குறையா, ஆலைக்கழிவு கலந்ததா என்று உடனே தேட வேண்டும். காற்றூதி நின்றாலும் சில மணி நேரத்தில் கசடு அழுகத் தொடங்கும்.

இடம் தாராளமாகவும் ஆள்பலம் குறைவாகவும் உள்ள சிற்றூருக்குக் கல் வடிகட்டியையே சொல்வேன். நிலம் கிடைக்காத பெருநகரத்துக்கு கசடு முறை. ஆனால் காற்றூதிக்கு மாற்று மின்சாரமும், அளவுக்குழாயைத் தினமும் பார்க்க ஓர் ஆளும் உறுதியான பிறகுதான்.